புதினா ஒட்டாத சட்டை

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதும் பிளவுஸுக்குக் கொக்கி வைப்பதும்தான் எனக்குத் தெரிந்த தொழில். என் பெயர் அச்சில் வந்தது ஒரே தடவை, என் கல்யாணப் பத்திரிகையில். அதிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள். இதை வாயால் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், அல்லது தர்காவுக்குப் போய் தாயத்துக் கட்டச் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் புதினாவைப் பற்றியது. என் வீட்டுக்காரரைப் பற்றியதும்தான்.

நாங்கள் பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் ஒரு வட்டாரத்தில் இருக்கிறோம். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. அதை இங்கே வட்டாரம் என்பார்கள். ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். எனக்குக் குடியாத்தம் பக்கம். அவர் கேஜிஎஃப்காரர். அவர் அப்பா தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு இவர் வேலை தேடி பெங்களூர் வந்து, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். சேர்ந்த இடத்திலேயே தலை நரைத்தது.

அது புதினா உப்பு, அதாவது மெந்தால், எடுக்கிற தொழிற்சாலை. வடக்கேயிருந்து லாரியில் புதினா எண்ணெய் டிரம் டிரம்மாக வரும். அதைக் குளிர் அறையில் வைத்து உறைய விடுவார்கள். உறைந்து வருவதை உலர்த்தி, தைலம் செய்கிறவர்களுக்கும் இருமல் மிட்டாய் செய்கிறவர்களுக்கும் அனுப்புவார்கள். இவருக்கு அந்தக் குளிர் அறையில்தான் வேலை.

புதினா என்றால் பச்சை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவில் கொஞ்சம் கொண்டுவந்து காட்டினார். நிறமே இல்லை. கண்ணாடியில் செய்த ஊசிகள் மாதிரி, நீளநீளமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன.

"இத எப்படி செய்வீங்க?" என்று கேட்டேன்.

"யாரும் செய்றதில்ல. இருட்டுல, குளிர்ல வெச்சிட்டு வந்துட்டா தானா வளரும். காலைல கதவத் தொறந்தா நேத்து இல்லாதது நின்னுக்கிட்டிருக்கும்."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது போல இருந்தது. சீசாவை மூடி பீரோவின் மேல்தட்டில், துணிகளுக்குப் பின்னால் வைத்தேன். கண்ணில் படாத இடம்.

ஆனால் வீட்டுக்குள் புதினா வருவதை யார் தடுக்க முடியும்? அவர் சட்டையில் வந்தது. தலைமுடியில் வந்தது. சாப்பாட்டு டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது; தயிர் சாதம் கட்டினால் மதியத்துக்குள் புதினா சாதமாகிவிடும் என்பார். அவர் தலையணையில் நான் தவறிப் படுத்தால் கன்னம் ஜில்லென்று ஆகும். மகள் பிறந்தபோது குளித்துவிட்டு வந்து தூக்கினாலும் குழந்தையின் கண்ணில் தண்ணீர் வரும். "என்னப் பாத்தாலே அழுவுது" என்று வருத்தப்படுவார். கொஞ்சம் வளர்ந்த பிறகு அவள் அவருக்கு வைத்த பெயர் மிட்டாய் அப்பா. தெருநாய் ஒன்று எங்கள் கேட் ஓரத்தில் படுத்திருக்கும். அவர் வந்தால் இரண்டு தும்மல் போட்டுவிட்டு எழுந்து எதிர்ப்பக்கம் போய்விடும். ஒருநாளும் குரைத்ததில்லை.

அதனாலேயே நான் கடையில் புதினா வாங்கியதில்லை. துவையலுக்குக்கூட. ஒரு தடவை ஆசைப்பட்டு அரைத்தேன். தட்டைப் பார்த்ததும், "நாள் பூரா இதுகிட்டேர்ந்து தப்பிச்சு வந்தா, தட்டுல வந்து உக்காந்திருக்குதே" என்றார். இருவரும் சிரித்தோம். அதோடு விட்டது.

கொரோனா காய்ச்சல் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. எழுந்துவிட்டோம். அதுவே பெரிய விஷயம். எங்கள் வட்டாரத்தில் எழாதவர்களும் உண்டு. ஆனால் எனக்கு மூக்கு போய்விட்டது. சளி இல்லை, அடைப்பு இல்லை, மூச்சு நன்றாக வருகிறது. வாசனை மட்டும் இல்லை. தாளிக்கிறேன், கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கிறது, கறிவேப்பிலை சுருங்குவது கண்ணில் தெரிகிறது. அவ்வளவுதான். டிவியில் யாரோ சமைப்பதைப் பார்ப்பது போல இருந்தது. ஒருநாள் பால் அடிப்பிடித்துக் கருகிப் புகை சீலிங்கைத் தொடும் வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் சமையலில் கை வைக்க யோசிப்பார்களே என்ற பயம். அவரிடமும் சொல்லவில்லை. கைக்கணக்கில் உப்பு, கைக்கணக்கில் புளி என்று ஓட்டினேன். அவர் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்பார். அது போதும் என்றிருந்தேன்.

அந்த நாட்களில் எனக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அவர் மாலையில் வந்து சட்டையைக் கழற்றும்போது மூக்குக்குள் ஒரு குளிர்ச்சி ஏறும். வாசனை இல்லை. வாசனை வரவேண்டிய இடத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது மாதிரி வெறும் குளிர்ச்சி. கண் லேசாகக் கரிக்கும். நெற்றிக்குள் யாரோ ஊதுவது போல இருக்கும். சட்டையை ஊறவைக்கும்போது அந்தத் தண்ணீரில் கை விட்டால் மணிக்கட்டு வரை சில்லிடும். எல்லாமே மூடிக்கிடந்த என் முகத்தில் அது ஒன்றுதான் திறந்திருந்தது. வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கு முன்பே அந்தக் குளிர்ச்சி எனக்குத் தெரிந்துவிடும். அவருக்குத் தெரியாமல் நான் அதற்காகக் காத்திருந்தேன்.

ஒருநாள் அது வரவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவர் உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. வியாதி இன்னும் உள்ளே இறங்கிவிட்டது, இதையும் எடுத்துக்கொண்டது என்று நினைத்தேன். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவர் எப்போதும் போலக் காலையில் சீருடை போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். எப்போதும் போல மாலையில் வந்தார். மாதம் பிறந்ததும் செலவுக்குக் கொடுத்தார். எதுவும் மாறவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவரிடமிருந்து எதுவும் வரவில்லை என்பது மட்டும்தான் மாற்றம். தலையணையில் வேண்டுமென்றே கன்னத்தை வைத்துப் பார்த்தேன். யாரும் படுக்காத தலையணை மாதிரி இருந்தது.

பிறகு நாய் குரைக்க ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு அக்கா கன்னடக்காரர். தமிழும் நன்றாகப் பேசுவார், நடுநடுவே கன்னடம் விழும். தொட்டியடியில் குடம் வைத்தபடி அவர்தான் முதலில் சொன்னார்.

"ஏன் கண்ணு, உங்க வீட்டுக்காரரப் பாத்து அந்த நாயி நேத்து எப்படி குரைச்சுது, கேட்டியா?"

"கேட்டேன் அக்கா."

"இத்தன வருஷமா சோறு போடற தெரு. அவரத் தெரியாதா அதுக்கு? புதுசா யாரோ வந்த மாதிரி குரைக்குது. ஏனு, ஆள கீள மாத்திட்டியா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அவரு ஏதாவது செண்டு மாத்தியிருப்பாரு" என்றாள் ஒருத்தி.

"இந்த வயசுல செண்டு போடறவரு யாருக்காகப் போடறாருன்னு பாத்துக்கம்மா" என்று அக்கா இன்னொரு குத்து வைத்தார்.

மறுபடியும் சிரிப்பு. எனக்கு அந்த சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றுகிறது. எனக்கு வந்தது வேறு. காய்ச்சலில் அவரை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். முகத்தில் கவசம், தலையில் பிளாஸ்டிக் உறை. கண் மட்டும் தெரிய ஒருவரை அழைத்துவந்து, "இவரக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். கூட்டிவந்தேன். அது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. பகல் வெளிச்சத்தில் நினைத்தால் பைத்தியக்காரத்தனம்தான்; அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் புதினாவோடுதானே வந்தார். ஆனால் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, அந்த முதுகை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். பிடரியில் இருக்கும் மச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஒரு காலையில் அவர் போன பிறகு கீரை வண்டி வந்தது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு ஒரு கட்டு புதினா கேட்டேன்.

வண்டிக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னாம்மா, நீ பொதினா வாங்கி நான் பாத்ததே இல்ல. பிரியாணியா? யாரு விருந்தாளி?"

"சும்மாதான்."

இலைகளை வெயிலில் பார்த்தேன். கரும்பச்சை, ஓரம் ரம்பம் போல, கசக்கிய இடத்தில் உடனே கறுத்தது. முகர்ந்தேன், எதுவும் தெரியவில்லை. வாயில் போட்டு மென்றேன். புல்லைத் தின்கிற மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக, நாக்கின் அடியில், மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும், லேசாகக் குளிர்ந்தது. அது உண்மையா, நானாக நினைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேல்தட்டில் துணிகளுக்குப் பின்னால் கையை விட்டேன். சீசா அங்கேதான் இருந்தது. ஊசிகள் குறைந்து சுருங்கியிருந்தாலும் இன்னும் நின்றுகொண்டிருந்தன. மூடியைத் திருகினேன்.

அடி விழுந்தது மாதிரி இருந்தது. குளிர்ச்சி மூக்கில் ஏறி, கண்ணைத் தாண்டி, உச்சந்தலைக்குப் போயிற்று. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

என்னிடம் எதுவும் குறையவில்லை. அந்த ஜன்னல் திறந்தேதான் இருக்கிறது. அதன் வழியாக அவர்தான் வருவதில்லை.

அன்று மாலை அவர் கை கால் கழுவப் போனதும் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டேன். கடையில் தொங்கும் சட்டை போல இருந்தது. காலர் அழுக்காக இருந்தது, அக்குள் ஈரமாக இருந்தது. யாரோ அணிந்துதான் வந்திருக்கிறார்கள். சட்டையை மாட்டிவிட்டுத் திரும்பினால் அவர் கதவருகே துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பண்ற?"

"அழுக்காயிருக்கான்னு பாத்தேன்."

"வேலக்கிப் போற சட்ட அழுக்காத்தான் இருக்கும்" என்றார். சிரிக்கவில்லை.

மறுநாள் டப்பா கட்டும்போது தயிர்க் கிண்ணத்தை வேண்டுமென்றே வைக்காமல் விட்டேன். ஒரு காரணம் கையில் இருந்தால்தான் எனக்கு வெளியே போகக் கால் வரும். அவர் போன பிறகு அந்தக் கிண்ணத்தைப் பையில் வைத்துக்கொண்டு பொம்மசந்திரா பஸ் ஏறினேன். இத்தனை வருஷத்தில் அந்தத் தொழிற்சாலையை நான் பார்த்தது ஒரு தடவைதான், ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தபோது. அன்று தெருமுனையிலேயே கண் எரிந்தது. இன்று தெருமுனையில் டீசல் புகைகூட எனக்குத் தெரியவில்லை.

கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள். உள்ளே தரையில் சிமெண்டுப் பிளவில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

கேட்டுக்கு எதிரே ஒரு புங்கமரம். அதன் அடியில் ஏழெட்டு ஆண்கள், எல்லோரும் என் வீட்டுக்காரர் போட்டுவந்த அதே சீருடையில், கழுத்தில் அட்டையோடு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் சாப்பாட்டுப் பைகள். பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஒருவர் எழுந்தார். பெரிய மீசை. எங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்.

"அண்ணியா? வாங்க வாங்க. டேய், நகர்ந்து இடம் குடுங்கடா, இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்காங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"என்னங்க இது?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மீசைக்காரரின் முகம் மாறியது. "அண்ணன் சொல்லலியா உங்ககிட்ட?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னார். முதலாளிகளுக்குள் தகராறு. கோடை வருவதற்கு முன்பே மூடிவிட்டார்கள். சரக்கெல்லாம் உள்ளேயே கிடக்கிறது. கேஸ் நடக்கிறது. தொழிற்சங்கத்துக்காரர் ஒன்று சொல்லியிருக்கிறார்: வேலைக்கு வராமல் நின்றுவிட்டால், நீங்களே வேலையை விட்டுப் போனீர்கள் என்று எழுதிவிடுவார்கள், தினமும் சீருடையோடு ஷிப்ட் நேரத்துக்கு வந்து கேட்டில் உட்காருங்கள். அதனால் வருகிறார்கள். மழையானாலும் வருகிறார்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் சைரன் ஊதினால் டப்பாவைத் திறக்கிறார்கள், சைரன் ஊதினால் மூடுகிறார்கள். வீட்டுச் செலவுக்கு என் வீட்டுக்காரர் பிஎஃப் பணத்தை எடுத்துக் கொடுத்துவந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"பாதிப் பேரு வீட்டுல சொல்லல அண்ணி. எப்படிச் சொல்றது? இங்க வந்து உக்காந்தா ஒரு மாதிரி ஓடிடுது. கிண்டல் பண்ணிக்குவோம். இன்னிக்கி செகண்டு பேட்ச் லேட்டு, சூப்பர்வைசர் லீவுன்னு."

நான் மரத்தடியைப் பார்த்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். "அவரு எங்க?"

மீசைக்காரர் அட்டையை விரலால் சுற்றினார்.

"பின்னால இருக்காரு. நாங்க கேஸுக்காக வர்றோம் அண்ணி." கேட்டைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணன் வேலைக்கு வர்றாரு."

"அப்படின்னா?"

"நீங்களே போய்ப் பாருங்க. நாங்க கூப்ட்டா வர்றதில்ல."

காம்பவுண்டுச் சுவருக்கும் பக்கத்துத் தொழிற்சாலைக்கும் நடுவில் ஒரு சந்து. இருவர் சேர்ந்து நடக்க முடியாது. வெயில் உள்ளே விழாது. காலடியில் சாக்கடைக் கல். கல்லுக்குக் கல் கால் வைத்துப் போனேன். பாதி தூரத்தில் காம்பவுண்டுச் சுவர் இடிந்து, கட்டடத்தின் வெறும் பக்கச் சுவர் தெரிந்தது. அங்கே வந்ததும் எனக்குத் தெரிந்தது.

குளிர்ச்சி. மூக்குக்குள் ஜன்னல் திறந்தது. கண் கரித்தது. மூடிக்கிடந்த கட்டடம், கரண்ட் இல்லை, ஆள் இல்லை, ஆனால் சுவரில் உயரத்தில் இருந்த எக்ஸாஸ்ட் காற்றாடியின் துளையிலிருந்து அது இறங்கிக்கொண்டிருந்தது. காற்றாடியின் இலைகள் மெதுவாகச் சுற்றின. வெளிக்காற்றில்தான் சுற்றியிருக்கும். சந்தில் என் முந்தானை அசையவில்லை.

அவர் அதற்கு நேர் கீழே நின்றிருந்தார். எனக்கு முதுகைக் காட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து, நெற்றியைச் சுவருக்குக் கிட்டத்தில் வைத்து. தலையில் வேலை நேரத்தில் போடும் வெள்ளைத் துணித் தொப்பி. அவர் தோள் ஏறி இறங்கியது. ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். கிணற்றில் வாளி இறக்கி ஏற்றுகிறவரைப் போல, நிதானமாக, விடாமல்.

என் செருப்பு கல்லில் உரசியது.

அவர் திரும்பவில்லை. சாதாரணக் குரலில், ரொம்பச் சாதாரணமாக, "கதவ சாத்து. கூலிங் போயிடும்" என்றார்.

அங்கே கதவு எதுவும் இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் செய்தது இதுதான்: பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். சந்து காலியாக இருந்தது. தூரத்தில் வெயில் ஒரு கோடாகத் தெரிந்தது.

"ஏங்க" என்றேன்.

மெதுவாகத் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த நேரம் போல நீளமான நேரம் வேறு இல்லை.

"தொப்பி இல்லாம உள்ள வரக்கூடாது" என்றார்.

"தயிரு வெக்க மறந்துட்டேன். கொண்டாந்தேன்." கிண்ணத்தை நீட்டினேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு மேலே காற்றாடியைப் பார்த்தார். பிறகு என்னை. முகத்தில் ஏதோ தளர்ந்தது. கண் ஈரமாக இருந்தது. அழுகையா, அந்தக் காற்றா, சொல்ல முடியாது. "இவ்ளோ தூரம் எதுக்கு வந்த? வெயில்ல" என்றார். இது என் வீட்டுக்காரரின் குரல்.

"போலாங்க."

"ஷிப்ட் முடியட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. இடிந்த சுவரின் கல்லில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாச் சோற்றில் தயிரைக் குழைத்துச் சாப்பிட்டார். குளிர்ச்சி எங்கள் இருவர் மேலும் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே இருட்டில் யாரும் பார்க்காமல் அந்த டிரம்களில் ஊசிகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்குமோ என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நானும் மூச்சை ஆழமாக இழுத்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிகிற சைரன் ஊதியபோது தூக்கிவாரிப் போட்டது. அவர் தொப்பியைக் கழற்றி நாலாக மடித்துப் பையில் வைத்தார். "வா" என்றார்.

மரத்தடியில் மற்றவர்கள் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். ஹெப்பகோடி வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"மூடிட்டாங்கன்னா? சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அங்க போய் ஏன் நிக்கிறீங்க? எல்லாரும் மரத்தடியில இருக்காங்களே."

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜொரம் வந்ததிலேர்ந்து எனக்கு ஒண்ணும் தெரியல. சோறு, குழம்பு, சோப்பு, ஒண்ணும். மண்ண மெல்ற மாதிரி இருக்கு. அங்க நின்னா மட்டும் மூக்குல ஏதோ இருக்கு. உசுரோட இருக்கற மாதிரி. வேற எங்கயும் இல்ல."

நான் அவரையே பார்த்தேன். "எனக்கும் இல்லீங்க."

"என்னா இல்ல?"

"மூக்கு."

"நீ தானே சமைக்கிற?"

"கைக்கணக்கு."

"நான் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னனே."

"நீங்க சொன்னீங்கன்னு நானும் நல்லாருக்குன்னே நெனச்சேன்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். முன்சீட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய்யைப் பரிமாறிச் சாப்பிட்டிருக்கிறோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம். இனி பயம் இல்லை என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அதனால்தான் அதையும் கேட்டேன்.

"அங்க யாரு கதவத் தொறந்தாங்கன்னு சாத்தச் சொன்னீங்க?"

"எந்தக் கதவு?"

"நான் வந்தப்ப. கதவ சாத்து, கூலிங் போயிடும்னீங்களே."

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது. "நான் யார்கிட்டயும் பேசலியே" என்றார்.



வீட்டுக்கு வந்ததும் அவரிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அவரிடம் அப்படி நேருக்கு நேர் கேட்டது குறைவு.

"நாளைக்கிப் போகாதீங்க."

"கேஸு இருக்கு. வராம நின்னா என் பேரு போயிடும்."

"சரி, போங்க. மரத்தடியில உக்காருங்க. அவங்களோட சேந்து கிண்டல் பண்ணுங்க, சீட்டாடுங்க, என்னமோ செய்ங்க. அந்தச் சந்துக்குள்ள மட்டும் போகாதீங்க."

அவர் சட்டையைக் கழற்றினார். இன்று அவரோடு அந்தச் சுவருக்குக் கீழே நானும் இருந்தேன். அவர் எவ்வளவு மூச்சு இழுத்தார் என்று பார்த்தேன். சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் பார்க்கவே முகத்தில் வைத்துக்கொண்டேன். துளிக்கூட இல்லை. வெளியே கசிகிற கொஞ்சம் துணியில் தங்காது போலிருக்கிறது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அங்க நின்னாதான்" என்றார். பிறகு, "சரி. மரத்தடியில உக்காந்துக்கறேன்" என்றார்.

மறுநாள் அவர் போனார். மத்தியானம் மீசைக்காரருக்குப் போன் செய்தேன். மரத்தடியில்தான் இருக்கிறார் என்றார். நடுவில் ஒரு தடவை எழுந்து போனார், பிறகு வந்துவிட்டார் என்றார். மாலையில் மழை. பஸ் தாமதமாக வந்தது. நனைந்து வந்தார், தலையைத் துவட்டிக்கொண்டார், சாப்பிட்டார். ஆணியில் தொங்கிய அந்த ஈரச் சட்டையை எடுத்து நான் முகத்தில் வைத்துப் பார்க்கவில்லை; வாசலில் நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது.